இருவர் செய்த போர்டு

அத்தியாயம் 9

வக்கீல் அறையில் அதுவரை எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது. வாடகை வீடு அவனுக்கு. வண்டி அவளுக்கு. சோபா இரண்டு பேருக்குமே வேண்டாம். பிரிவதென்று முடிவு செய்துவிட்ட புருஷன் பெண்டாட்டி இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டு பார்த்ததில்லை என்று வக்கீலம்மாவே ஆச்சரியப்பட்டார்.

கடைசியாக அந்தப் போர்டைப் பற்றிய பேச்சு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

“அது என்னது.”

இது என்ன என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து, வக்கீலம்மா மேஜை மேலிருந்த போர்டை எடுத்துக் காட்டினார். பிறகுதான் இரண்டு முகங்களையும் பார்த்தார்; என்னுடையது என்கிறார்கள் என்று புரிந்தது. மெதுவாகக் கீழே வைத்தார்.

உள்ளங்கையில் அடங்குகிற பச்சைப் போர்டு. நடுவே ஒரு கணினிச் சில்லு, ஓரமெல்லாம் கம்பி செருகச் சின்னச் சின்னத் துளைகள். நாம் சொல்லிக் கொடுத்தபடி விளக்கை எரிக்கும், மோட்டாரைச் சுற்றும், சூட்டை அளக்கும். வீட்டில் தானே எதையாவது செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள் வாங்குகிற சாமான். அவன் கம்பெனி வேலையை விட்டான், அவள் பள்ளிக்கூட வேலையை விட்டாள். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உருவாக்கியது அது. இன்றைக்கு அதுதான் பிழைப்பு.

ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவருக்கு அவர் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று யார் சொல்வது? இரண்டு பேரும் நம்புகிற ஆள் யாராவது உண்டா என்று வக்கீலம்மா கேட்டார்.

“அக்கா,” என்றான் அவன்.

“அண்ணி,” என்றாள் அவள்.

ஒரே ஆளைத்தான் சொன்னார்கள்.

* * *

அந்த அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு இரண்டு போர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று தம்பி வீட்டுப் போர்டு. இன்னொன்று கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைப்பது.

அவளுக்கு வேலை ஒரு சோதனைக்கூடத்தில். இஸ்திரிப்பெட்டி, கெட்டில், பேட்டரி பொம்மை எல்லாம் கடைக்குப் போகும் முன் அவள் கைக்கு வரும். கீழே போடுவாள், நனைப்பாள், கொடுக்கக் கூடாத மின்சாரத்தைக் கொடுப்பாள். தாங்கினால்தான் முத்திரை. செய்தவன் யார், எத்தனை கஷ்டப்பட்டான் என்றெல்லாம் கேட்கவே மாட்டாள். தம்பி அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா.

ஆனால் எந்தக் கெட்டிலும் அவளை “அக்கா” என்று கூப்பிட்டதில்லை.

முதலில் கடைப் போர்டு. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. மெல்லிசாகப் புகை வந்தது.

“ஐயோ, என் பன்னு!” என்று உள்ளேயிருந்து ஓடிவந்தார் அவள் கணவர்.

அவர் பேக்கரி வைத்திருக்கிறார். வீட்டுக்குக் கீழேயே கடை. கருகல் வாடை எங்கே வந்தாலும் அது தன் அடுப்பில்தான் என்று நினைக்கிற மனிதர்.

“பன்னு இல்ல. இந்தப் போர்டு செத்துப் போச்சு,” என்றாள் அக்கா.

“காலையிலேயே கொலையா?” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தம்பியின் போர்டிலும் அதேபோலப் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் மினுக்கியது. சரியாக மாற்றி மாட்டியதும் பச்சையாகி, சமர்த்தாக வேலை செய்தது. சேரக் கூடாத இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தாள். அணைந்து, கையை எடுத்ததும் திரும்ப உயிர் வந்தது. ஈரக் கையால் தொட்டாள். மேஜையிலிருந்து கீழே தள்ளினாள். எதற்கும் அசையவில்லை.

அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைமேல்தான் சந்தேகமும் வந்தது. இது சோதனை செய்கிறவளின் சந்தோஷமா, கூடப் பிறந்தவளின் சந்தோஷமா?

போன் அடித்தது. தம்பிதான்.

“என்ன ஜட்ஜம்மா, பாஸா பெயிலா?”

“டெஸ்ட் நடக்கறப்ப போன் பண்ணக் கூடாது.”

“அந்தத் தலைகீழ் பேட்டரி செஞ்சு பார்த்தியா? அது முழுக்க நான் போட்டது. செலவு ஏறினாலும் பரவாயில்லைன்னு போட்டேன். உலகத்துல பாதிப் பேர் பேட்டரியைத் தப்பாத்தான் மாட்டுவான்.”

“பார்த்தேன். நல்லாயிருக்கு.”

“அப்புறம் என்னக்கா? முடிஞ்சு போச்சே. சர்க்யூட் என்னது, புரோகிராம் என்னது, சில்லைத் தேடிப் பிடிச்சது நான். போர்டை எப்படிப் பயன்படுத்தறதுன்னு அவ பாடம் எழுதினா. எழுத்துதானே.”

“வைடா போனை,” என்றாள்.

வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை காதிலேயே நின்றது. எழுத்துதானே.

கணவர் தலையைச் சொறிந்தார். “பாதிப் பாதின்னு சொல்லிட்டு நிம்மதியா இரேன். ரெண்டு பேருக்கும் நல்லவளா இருந்துடலாம்.”

“அது எடை போடறது இல்லைங்க. தராசை மூட்டை கட்டி வெச்சுட்டுத் தப்பிச்சு ஓடறது.”

“அப்ப எப்படித்தான் எடை போடுவே?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. ஒரு கெட்டிலுக்கு என்ன மதிப்பு என்றால் சொல்லிவிடலாம். தண்ணீர் கொதிக்கிறதா, கையைச் சுடாமல் இருக்கிறதா, அவ்வளவுதான். இந்தப் போர்டில் இருக்கிற சாமான்களைத் தனித்தனியாக வாங்கினால் ஒரு பொட்டலத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பாதுகாப்புச் சர்க்யூட் புத்திசாலித்தனமானதுதான். ஆனால் பார்த்து வரை என்றால் அவளே வரைந்துவிடுவாள். நாளைக்கு ஒரு தொழிற்சாலைக்காரன் வரைந்து பாதி விலைக்கு விற்றாலும் விற்பான்.

அப்படியானால் மதிப்பு எங்கே இருக்கிறது? இந்தப் போர்டு நாளைக்கு இல்லாமல் போனால் யாருக்கு என்ன குறையும்?

அவள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன அப்படிப் பார்க்கறே?”

“உங்க மாவுப் பெட்டி இந்த வாரம் மறுபடி சூடாயிடுச்சுன்னீங்களே?”

“அதை ஏன் கேட்கறே! மாவு பொங்கி, பன்னெல்லாம் அமுங்கிப் போச்சு. மிதிச்ச தொப்பி மாதிரி வந்து நிக்குது.”

மாவு உப்புவதற்காக இளஞ்சூட்டில் வைக்கிற பெரிய பெட்டி அது. சூடு கொஞ்சம் ஏறினாலும் அன்றைய வியாபாரம் போச்சு.

“சூடு ஏறினா மணி அடிக்கிற மாதிரி இந்தப் போர்டை வெச்சு நீங்களே ஒண்ணு செய்யுங்க.”

“நானா? எனக்கு டார்ச் லைட்டுல பேட்டரி மாத்தறதே கண்டம்.”

“அதனாலதான் உங்களைச் சொல்றேன்.”

* * *

கடைத்தெருப் போர்டில் இன்னொன்று மிச்சம் இருந்தது. அக்கா அவரை முதலில் அதில்தான் உட்கார வைத்தாள். பெட்டிக்குள் கால் காகிதம் ஒன்று இருந்தது. அதில் எழுத்துகளும் எண்களுமாகக் கலந்து கிடந்தன. அவர் அதை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, கீழே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“என்னை மடையன்னு சொல்லணும்னா நேராவே சொல்லிடு. இப்படி உட்கார வெச்சுச் சொல்லாதே,” என்றார்.

அதை எடுத்துவிட்டு, தம்பி வீட்டுப் போர்டைக் கொடுத்தாள்.

அவர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: ‘தப்பாகச் செருகினாலும் எரியாது. பயப்படாமல் கழற்றி, மறுபடி செருகுங்கள்.’

“அட!” என்றார். இந்த முறை எழுந்திருக்கவில்லை.

அதன் பாடங்கள் போனில் வந்தன. முதல் பாடம், ஒரு விளக்கை எரியவிடுவது. அதன் முதல் வரியே, இதைப் படிக்கும்போது சூடாக ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் போர்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதுதான். அவர் சிரித்தபடி கோப்பையை நகர்த்தினார். விளக்கு எரிந்தது. “ஏய், இங்க வா, இங்க வா!” என்று வீடே அதிரக் கத்தினார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அக்கா பார்த்ததில்லை.

சூட்டை அளக்கும் சென்சரை மாட்டும்போதுதான் மாட்டிக்கொண்டார். மூன்று கால் வைத்த பொடிப் பூச்சி மாதிரி ஒன்று. மாட்டி முடித்ததும் போனில் வந்த எண் அவரைத் திகைக்க வைத்தது.

“மைனஸ் நூத்திச் சொச்சம் காட்டுது. நம்ம சமையலறையிலா?”

அக்காவுக்குப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. “யார்கிட்டயாவது கேளுங்க,” என்றாள்.

அவர் மைத்துனனுக்கே போன் போட்டார்.

“மாப்ளே, சென்சர் தப்பாக் காட்டுது.”

“புல்-அப்பை ஆன் பண்ணினீங்களா மாமா?”

“புல்லா? இங்க ஏது புல்லு?”

“அதில்ல மாமா. டேட்டா லைன் சும்மா மிதந்துட்டிருக்கும். அதை மேல இழுத்துப் பிடிக்கணும். புரோகிராம்ல ஒரு வரிதான். டேட்டாஷீட்டுல தெளிவா இருக்கு, பார்த்துக்குங்க.”

“சரிப்பா,” என்று வைத்தவர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஏதோ மிதக்குதாம். இழுக்கணுமாம். நான் கீழ போய் மாவு பிசையறேனே?”

“பாடத்துக்குக் கீழ, சந்தேகம் இருந்தா இந்த குரூப்புல கேளுங்கன்னு போட்டிருக்கு பாருங்க.”

சொந்தப் பெயரில் கேட்கக் கூச்சப்பட்டு, ‘மாவுக்காரன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, சூடு ஏறினால் மணி அடிக்கிற மாதிரி செய்யப் பார்ப்பதையும் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

‘வணக்கம். பயப்படாதீங்க, ஒண்ணும் கெட்டுப் போயிருக்காது. சென்சரை லேசாத் தொட்டுப் பாருங்க. சுடுதா?’

தொட்டார். கையை உதறினார். ‘சுடுதும்மா,’ என்று தட்டினார்.

‘அப்ப திருப்பிச் செருகியிருக்கீங்க. எல்லாரும் முதல் தடவை அப்படித்தான் செருகுவாங்க. சென்சருக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. போர்டுல பிறை மாதிரி ஒரு படம் வரைஞ்சிருக்கோம். ரெண்டு வளைவும் ஒரே பக்கம் இருக்கட்டும். சென்சர் போயிருக்குமோன்னு கவலை வேண்டாம். இதை டிசைன் பண்ணினவர் அந்த இடத்துல கரண்ட் அதிகமாப் போகாம பார்த்திருக்கார்.’

மாற்றிச் செருகினார். சமையலறையின் சூடு சரியாக வந்தது. விரலால் சென்சரைப் பிடித்தார், எண் ஏறியது. பிடித்த விரலை எடுக்காமல் அது ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். பதில் எழுதியவள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. தம்பியின் மனைவியை வீட்டில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இப்போது தன் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறாள். இன்று சாயங்காலம் தன் உழைப்புக்குப் பங்கு சொல்லப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளில், முன்பின் தெரியாத ஒரு மாவுக்காரனிடம் சுடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அக்கா பழைய பதில்களைப் பின்னோக்கித் தள்ளிப் படித்தாள். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்பும் கருவி செய்திருந்தார். காது கேளாத தையல்காரி ஒருத்தி, வாசல் மணி அடித்தால் விளக்கு மினுக்கும்படி செய்திருந்தாள். ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் தடுக்கி விழப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். தம்பி எழுதிய பதில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய பதில்களில், ‘எங்க வீட்டுக்காரர் அதுக்கும் ஒரு வழி பண்ணி வெச்சிருக்கார்,’ என்று எழுதியிருந்தாள். திரும்பத் திரும்ப, ஒரு சிரிப்புப் பொம்மையோடு. பிறகு ஒரு கட்டத்தில் அந்தச் சொல் காணாமல் போயிருந்தது. அதிலிருந்து ‘இதை டிசைன் பண்ணினவர்’ என்றே வந்தது. புகழ்ச்சி குறையவில்லை. ஆள்தான் வீட்டைவிட்டு வெளியே போயிருந்தார்.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

* * *

வெயில் தாழ்ந்ததும் இருவரும் வந்தார்கள். தம்பி முன்னால் வந்து சுவாதீனமாக ஊஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்தான். டீச்சர் பின்னால் வந்து, விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்தாள். போன தடவை இதே வீட்டில் சமையலறைக்குள் நேராகப் போய் அடுப்பைப் பற்ற வைத்தவள்.

பேக்கரிக்காரர் எல்லோருக்கும் பன் கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

“சுத்தி வளைக்காம சொல்லிடறேன்,” என்றாள் அக்கா. “போர்டு நல்ல போர்டு. நான் சோதிச்சதுல இந்த விலைக்கு இதைவிட உறுதியா ஒண்ணைப் பார்த்ததில்ல.”

தம்பி காலை ஆட்டினான்.

“ஆனா அதை மட்டும் வெச்சா ரொம்ப நாள் தாங்காது. யாராவது காப்பி அடிச்சுடுவாங்க. ஜனங்க இதைத் தேடி வர்றது பாடத்துக்காகவும், கேட்டா பதில் சொல்றதுக்காகவும்தான். என் கணக்குல இதுல கால் பங்கு உன்னோடது. முக்கால் பங்கு டீச்சரோடது.”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

“என்னக்கா சொல்றே?”

“கேட்டதைத்தான் சொன்னேன்.”

“நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா?”

“உனக்குத்தான். அதனாலதான் சொல்றதுக்குக் காலையிலேருந்து தயங்கிட்டிருந்தேன்.”

தம்பி எழுந்துவிட்டான். “கண்ணு எரிய எரிய உட்கார்ந்து வரைஞ்சது நான். எத்தனை போர்டு பொசுங்கிப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா? அந்தத் தலைகீழ் பேட்டரி சர்க்யூட் ஒண்ணு போதும். அதையும் அவதான் செஞ்சான்னு சொல்லிடு, சரியாப் போயிடும்!”

“இல்லண்ணி,” என்றாள் டீச்சர். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. “அது அவர் யோசனைதான். நான் வேண்டாம்னுகூடச் சொன்னேன். செலவாகுமேன்னு பயந்தேன். அது இல்லைன்னா நான் பின்பக்கம் எழுதினது அத்தனையும் பொய்யாயிருக்கும். அதை அவர் கணக்குலயே வெச்சுக்குங்க.”

தனக்காகப் பேசுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் நின்றான்.

“அதையும் சேர்த்துதான் கால் பங்கு,” என்றாள் அக்கா மெதுவாக. “இன்னைக்கு உங்க மாமா உனக்குப் போன் பண்ணினாரே, நீ சொன்னது அவருக்குப் புரிஞ்சுதா?”

“ஏன், சரியாத்தானே சொன்னேன்?”

“சரியா சொன்னே மாப்ளே,” என்றார் பேக்கரிக்காரர் சங்கடத்துடன். “எனக்குத்தான் கீழ போய் மாவு பிசையலாம்னு தோணிடுச்சு. அப்புறம் குரூப்புல கேட்டேன்.”

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தாள். “அண்ணா, மாவுக்காரன் நீங்களா?”

“மன்னிச்சுக்கம்மா. கேட்கக் கூச்சமா இருந்தது.”

அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “மணி அடிச்சுதா?”

“அடிச்சுது! கீழ பெட்டியில மாட்டியாச்சு. கடைக்கு வர்றவங்க எல்லாரையும் நிக்க வெச்சுக் காட்டறேன்.”

அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அறை ஒரு நிமிடம் தடுமாறியது. தம்பி மறுபடி உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

“சரி. அக்கா சொன்னா சொன்னதுதான். முக்கால் பங்கை வாங்கற சக்தி எனக்குக் கிடையாது.” மனைவியைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னான். “நீயே எடுத்துக்க. என் கால் பங்கை உன்னால முடிஞ்சப்ப குடு.”

“எனக்கு வேண்டாம்,” என்றாள் டீச்சர்.

“என்ன வேண்டாம்?”

“போர்டு வேண்டாம். பங்கும் வேண்டாம். எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்குங்க. வக்கீலம்மாகிட்ட நானே சொல்லிடறேன்.”

அக்காவுக்கே ஒன்றும் புரியவில்லை. “பின்ன எதுக்கும்மா அன்னைக்கு வக்கீல் முன்னாடி அது என்னதுன்னு அடம் பிடிச்சே?”

டீச்சர் புடவை முந்தானையை மடியில் நேராக்கிக்கொண்டாள்.

“ஒருநாள் இவரோட பழைய ஆபீஸ் சிநேகிதங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க அண்ணி. போர்டைப் பார்த்துட்டு எல்லாரும் பாராட்டினாங்க. அதுல ஒருத்தர், இதுல உங்க வேலை என்னன்னு என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் சொன்னார், ‘பெட்டியில ஸ்டிக்கர் ஒட்டறதெல்லாம் இவதான்’னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

டீச்சர் முன்னாலிருந்த பன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அதுக்கப்புறம் நான் எழுதறப்ப எல்லாம் அது ஞாபகம் வரும். இது உருப்படியான வேலைதானா, இல்ல நானா நினைச்சுக்கறேனான்னு. இவர்கிட்ட கேட்டா சண்டையாயிடும். விவரம் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்துச் சொல்லணும், அதுவும் இவர் இருக்கறப்ப சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க சொல்லிட்டீங்க. அது போதும்.”

எழுந்தாள். “பள்ளிக்கூடத்துல மறுபடி கூப்பிட்டிருக்காங்க, போகப் போறேன். நாளையிலேருந்து குரூப்புல இவரே பதில் சொல்லட்டும். வர்றேன் அண்ணி. அண்ணா, அந்த மணியை ஈரம் படாம வைங்க.”

வாசல் கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டு அவள் போட்ட கணக்கில் முக்கால் பங்கு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டது. இங்கே மேஜை மேல் மிச்சம் இருப்பது பச்சையாக ஒரு சாமான்.

தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“நான் அப்படிச் சொன்னேனாக்கா?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே.”

“சொல்லியிருப்பேன்,” என்றான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “சொல்லியிருப்பேன்தான். ஆனா ஞாபகமே இல்ல. சிநேகிதங்க வந்தது ஞாபகம் இருக்கு. என்ன சாப்பிட்டோம்னுகூட ஞாபகம் இருக்கு. இது இல்ல.”

அக்கா அவனுக்கு ஆறுதல் சொல்லலாம் என்று பக்கத்தில் போனாள். ஆனால் அவன் முகத்தில் இருந்தது அழுகை இல்லை. ஏதோ ஒரு கம்பி எங்கே அறுந்தது என்று உள்ளுக்குள் தேடுகிற முகம். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

திடீரென்று எழுந்தான். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

“அது என் செருப்பு மாப்ளே!” என்று பேக்கரிக்காரர் கத்தியது அவன் காதில் விழவில்லை.

* * *

பஸ் நிறுத்தத்தில் டீச்சர் மட்டும்தான் நின்றிருந்தாள். கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தடதடவென்று யாரோ வரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இரண்டு அளவு பெரிய செருப்பில், நழுவி நழுவி வந்து நின்றான்.

“குரூப் பாஸ்வேர்டா? தங்கச்சி வீட்டுக்குப் போனதும் அனுப்பறேன்,” என்றாள்.

“அது இல்ல.”

மூச்சு வாங்கியது.

“அன்னைக்குச் சொன்னது எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல. பொய் சொல்லல. நிஜமாவே இல்ல.” மேலே என்ன சொல்வதென்று தேடினான். “அப்படின்னா... இந்த மாதிரி வேற என்னெல்லாம் சொல்லியிருக்கேன்?”

அவன் மன்னிப்புக் கேட்பான் என்றோ, திரும்பி வரச் சொல்வான் என்றோ அவள் நினைத்திருந்தாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். இதற்கு இல்லை.

“நிறைய இருக்கு,” என்றாள் கடைசியில்.

“சொல்லு.”

“இப்பவா?”

“இப்பத்தான் கேட்கத் தோணுது. நாளைக்குத் தோணுமான்னு தெரியாது.”

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருவரையும் பார்த்தார். ஏறுகிற மாதிரியும் இல்லை, ஏறாத மாதிரியும் இல்லை.

“நீங்க போங்க,” என்றாள் டீச்சர் அவரிடம்.

பஸ் நகர்ந்தது. அவள் நிழற்குடை பெஞ்சின் ஒரு நுனியில் உட்கார்ந்து கைப்பையை நடுவில் வைத்தாள். அவன் மறுநுனியில் உட்கார்ந்தான். அவள் எதிர்க்கடையின் விளக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“நம்ம கல்யாணத்துக்கு மறுநாள்லேருந்து ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்டாள்.